ஊதாத திருநீறு

தொண்ணூறுகளில் தாமிரபரணிக் கரை ஊர்களில் விஷச் சளிக்காய்ச்சல் பரவியபோது நான் சுகாதாரத் துறையில் இருந்தேன். கூட்டம் கூடக் கூடாது என்ற சுற்றறிக்கையுடன் ஓர் அம்மன் கோயிலுக்குப் போனேன். ஊரார் அதைப் பணிவாக வாங்கி மடித்து வைத்துவிட்டுக் கோயில் கொடைவிழாவுக்குப் பந்தல் போட்டார்கள். சாமியாடுகிறவரிடமாவது பேசுவோம் என்று தேடிப் போனேன்.

ஒல்லியான மனிதர். கையில் வெள்ளிக் காப்பு, தோளில் சிவப்புத் துண்டு. அம்மனைப் பற்றிப் பேசும்போது மட்டும், மேலதிகாரியைப் பற்றிப் பேசும் குமாஸ்தாவைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“திருநீறு பூசும்போது மூஞ்சியில ஊதாதீங்க. காய்ச்சல் பரவும்,” என்றேன்.

“ஊதுதது நானில்ல சார், அம்மன். நீங்க அவகிட்டல்லா சொல்லணும்?”

அம்மனுக்கு எந்த வழியாக எழுதுவது என்று எனக்குத் தெரிந்த விதிகளில் இல்லை.

மதியக் கொடையில் மேளம் முழங்க, அவருக்குச் சாமி வந்தது. காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையை ஒரு பெண் அவர் முன்னால் நீட்டினாள். அவர் ஊதினால் குணமாகும் என்பது ஊர் நம்பிக்கை. கை நிறையத் திருநீறு அள்ளி, மூச்சை இழுத்தவர் சட்டென்று பின்வாங்கினார்.

“ஏட்டி, பிள்ளைய இந்தக் கூட்டத்துக்குள்ளயா கொண்டாந்த? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு! மத்தவங்கள்லாம் வீட்டுக்குப் போங்கலே. நான் உங்க வாசலுக்கு வாரேன்!”

அந்தப் பெண் ஓடினாள். என் சுற்றறிக்கைக்கு அசையாத ஊர் மேளம் அடங்குவதற்குள் கலைந்தது. அவர் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு, தெருத் தெருவாகப் போய் வாசற்படிகளில் திருநீறு வைத்தார்.

கடைசி வீட்டு வாசலில் சாமி இறங்கியதும், “நல்லா சொன்னீங்க,” என்றேன்.

“நான் என்னத்தச் சொன்னேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார். நீங்க அவகிட்டச் சொல்லிட்டியளோ?”

வாயைத் துண்டு மறைத்திருந்ததால், அவர் சிரித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.