குட்டைக் குதிரையோடு பாறை வளைவைத் தாண்டிய நாள்

என் கணவர் ஞானமுத்து இறந்த இடத்தைத் தாண்டித்தான் நான் கடைக்கும் போகவேண்டும், ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டும், சபைக்கும் வரவேண்டும். லுணுகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அந்த ஒரே பாதைதான். அதில் பாறை வளைவு என்று ஒரு இடம். ஒரு பக்கம் கற்பாறை, மறுபக்கம் பள்ளம். ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, அங்கே எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லவேண்டும் என்ற பாரம் வெகுநாளாக மனதில் கிடக்கிறது. இன்று இறக்கி வைக்கிறேன்.

அவர் ஃபாக்டரிக்கு விறகு ஏற்றிவரும் டிரெய்லரில் வேலை செய்தவர். டிராக்டர் ஓட்டியது ராமையா. ஒரு மழைக்காலத்தில் அந்த வளைவில் பாதையோரம் இடிந்து டிரெய்லர் சரிந்தது. டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்பு ஆணியைப் பின் என்பார்கள். அந்தப் பின் உடைந்தது. டிராக்டர் பாதையிலேயே நின்றுவிட்டது. டிரெய்லர் விறகோடும் என் கணவரோடும் கீழே போனது.

நான் அப்போது மேலே துரை பங்களாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின் உடைந்த சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. பெரிய மணியை ஒரே தடவை அடித்ததுபோல.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் என்னை விடவில்லை. சமையலறையில் ஒரு மூடி விழுந்தால் போதும், வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். பனிமூட்டம் இறங்குகிற நாட்களில் பாறை வளைவில் நடந்தால் பின்னால் யாரோ வருவதுபோல இருக்கும். விறகுக்கட்டையைத் தோளிலிருந்து இறக்கும்போது ஞானமுத்து விடுகிற மூச்சு எனக்குத் தெரியும். அதே மூச்சு கேட்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். ஓடியே வளைவைத் தாண்டுவேன். ஜெபித்துப் பார்த்தேன். போகவில்லை. ராமையாவின் முகத்தைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை. அவர்மேல் குற்றமில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவரும் அப்படித்தான்.

பங்களாவில் நான் ஆயா. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பிள்ளைகளுக்கென்று ஒரு குட்டைக் குதிரை இருந்தது. வளர்ந்த குதிரைதான், ஆனால் என் இடுப்பு உயரத்துக்கு மேல் இராது. அந்தச் சாதியே அப்படி. பட்டன் என்று பெயர். நான் கையில் வைத்துக் கொடுத்தால்தான் கேரட் தின்னும். ஞானமுத்து போன பிறகு நான் அழுததை அதிகம் பார்த்தது பட்டன்தான்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம் துரை குடும்பம் சீமைக்குப் புறப்பட்டது. துரைசானியும் பிள்ளைகளும் முன்னாலேயே போய்விட்டார்கள். பட்டனைப் பதுளைக்குப் பக்கத்தில் துரையின் சிநேகிதர் பங்களாவுக்கு அனுப்ப ஏற்பாடு. தோட்டத்து லொறி பழுதாகிக் கிடந்ததால் டிரெய்லரில் ஏற்றிப் பார்த்தார்கள். வெறும் பலகை, நீளக் கயிறு. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தைத் தாண்டும் முன்பே வழுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டது. திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அன்று மாலை துரை என்னைக் கூப்பிட்டார். "ஆயா, நான் போறதுக்குள்ள இத அனுப்ப முடியலன்னா சுட்டுர்றதுதான். யாரும் இல்லாம இங்க கெடந்து சாக வேணாம்." சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கூடப் போறேன் தொரை. எங்கிட்டன்னா நிக்கும்" என்றேன். வாயில் வந்துவிட்டது. அறைக்குப் போன பிறகுதான் பாறை வளைவு நினைவுக்கு வந்தது. முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, இந்த வாயில்லாத ஜீவனைக் காப்பாற்றும். ஆனால் அந்த வளைவில் என்னை டிரெய்லரில் இருக்கவிடாதேயும்." இதுதான் என் ஜெபம். பெரிய விசுவாசம் ஒன்றும் அதில் இல்லை. பயம்தான் இருந்தது.

டிரெய்லரைத் தயார் பண்ணியது ராமையா. சக்கரத்துக்குச் சற்று முன்னால் பட்டன் நிற்கிற அளவுக்கு மட்டும் பலகை அடித்து ஒரு கூண்டுபோல ஆக்கினார். அகலமாக விட்டால் திருப்பத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரியும் அல்லவா. பலகை உடம்பில் உரசாமல் இருக்கச் சாக்குகளில் புல்லைத் திணித்துக் கட்டினார். கீழே மானா என்கிற நீளப் புல்லைத் தடிப்பாகப் பரப்பினார். கயிற்றைக் குட்டையாக, இழுத்தால் உடனே அவிழ்கிற முடிச்சாகப் போட்டார். கடைசியில் ஒரு புதிய பின்னைக் கொண்டுவந்தார். பழையதைவிடத் தடிப்பானது. அதைப் போட்டுச் சுத்தியலால் அடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "இது ஒடையாதுங்கக்கா."

ஞானமுத்து போன பிறகு அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

விடிந்து புறப்பட்டோம். தூறல். நான் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பட்டனின் தாடையைப் பிடித்துக்கொண்டேன். வளைவை நெருங்க நெருங்க மூட்டம் அடர்ந்தது. பட்டன் வேர்த்து நடுங்கியது. நானும் நடுங்கினேன். எது யாருடைய நடுக்கம் என்று தெரியவில்லை.

வளைவுக்கு முன்னால் டிராக்டர் நின்றது. வெகுநேரம் நின்றது.

"ராமையா?"

அவர் திரும்பவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். "கை வரமாட்டேங்குதுக்கா. அவரு இன்னும் பின்னால ஒக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு."

என்னைமட்டும்தான் அது துரத்துகிறது என்று நினைத்திருந்தேன். "நான் இவன எறக்கி நடத்திக்கிட்டுப் போறேன். நீங்க வெறும் வண்டிய மெதுவா கொண்டாங்க" என்றேன்.

பலகையைச் சாய்த்துப் பட்டனை இறக்கினோம். கற்பாறைப் பக்கமாக நடந்தேன். பின்னால் அந்த மூச்சு கேட்டது. பட்டனின் மூச்சுதான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பட்டன் என் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வளைவைத் தாண்டி நின்றபோது டிராக்டர் வருகிற ஓசை கேட்டது. பிறகு மண் சரிகிற ஓசை. மூட்டத்துக்குள் பார்த்தேன். பாதையோரம் இடிந்து டிரெய்லர் பள்ளத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. தன்னோடு டிராக்டரையும் இழுத்துக்கொண்டிருந்தது. ராமையா பிரேக்கில் ஏறி நிற்பதுபோல மிதித்திருந்தார். சக்கரம் அங்குலம் அங்குலமாக ஓரத்துக்கு நகர்ந்தது.

"குதிச்சிருங்க" என்று கத்தினேன்.

"கால எடுத்தா வண்டியோட நானும் போயிருவேன். நீங்க தள்ளிப் போங்கக்கா."

அந்தத் தடித்த பின்தான் அவரைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. சகோதர சகோதரிகளே, அந்த நிமிஷம் நான் என்ன ஜெபித்தேன் தெரியுமா? எந்தச் சத்தம் இனி என் காதில் விழவே கூடாது என்று இருந்தேனோ, அதையே கேட்டேன். "கர்த்தாவே, அந்தப் பின்னை உடைத்துவிடும்." பட்டனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டுக் கேட்டேன். என் புருஷனைக் கொண்டுபோனதை இன்னொரு தடவை செய்யும் என்று கேட்டேன்.

அது உடைந்தது. அதே சத்தம். பெரிய மணியை ஒரே தடவை அடித்ததுபோல. டிரெய்லர் தனியாக உருண்டு போனது. கீழே போய்ச் சேர வெகுநேரம் எடுத்தது. அதில் யாரும் இல்லை. நான் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் யாரும் இல்லை, யாரும் இல்லை.

ராமையா இறங்கி வந்து பாதையில் உட்கார்ந்துவிட்டார். "ஒங்க சாமிகிட்ட என்னமோ கேட்டீங்களே, என்ன கேட்டீங்க?"

"பின்னு ஒடையணும்னு கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "நீங்களாக்கா" என்றுமட்டும் சொன்னார். பிறகு எழுந்து பட்டனின் கயிற்றை வாங்கிக்கொண்டு என்னோடு தோட்டத்துக்குத் திரும்பி நடந்தார்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேறு டிரெய்லர் வந்தது. அதற்குள் ஆட்கள் ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். அதே மாதிரிக் கூண்டு, சாக்கு, புல். துரை, "ஆயா, வளைவ மட்டும் நடந்து தாண்டிக்கோ" என்றார். நான் டிரெய்லரிலேயே ஏறி உட்கார்ந்தேன். ராமையா ஓட்டினார். இரண்டு பேரும் ஞானமுத்துவைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டே வளைவைத் தாண்டினோம். வழியில் பசறையில் நிறுத்திப் பட்டனுக்குத் தண்ணீர் காட்டினோம். மத்தியானத்துக்குப் பிறகு பதுளைப் பங்களாவில் பட்டன் தன் காலால் இறங்கிப் புல் மேய்ந்தது. முழங்காலில் பழைய காயத்தைத் தவிர ஒரு கீறல் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஞானமுத்துவை ஏன் அப்படிக் காப்பாற்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்கிறேன். பதில் கிடைக்கவில்லை. மூட்டமான நாளில் இப்போதும் அந்த வளைவில் எனக்குப் பின்னால் நடை கேட்கிறது. ஆனால் இப்போது ஓடுவதில்லை. நின்று ஜெபிக்கிறேன். ஞாயிறு காலையில் ராமையாவின் வீட்டுக்காரம்மா எனக்குத் தேத்தண்ணி வைத்துக் காத்திருப்பார். குடித்துவிட்டுத்தான் சபைக்கு வருகிறேன்.

உங்களில் யாருக்காவது தாண்டமுடியாத இடம் ஒன்று இருக்கலாம். பயம் போன பிறகு ஆண்டவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே போங்கள். என்ன கேட்பதென்று தெரியாவிட்டாலும் போங்கள். அவர் கேட்பார்.