பன்னிரண்டு வோல்ட் மேசை

எலக்ட்ரிக் கார் சர்வீஸில் எச்சரிக்கை படிக்கிற வேலை என்பது, நாற்பது பேர் ஒரே நேரத்தில் புகார் சொல்லும் குடும்பச் சண்டையில் முதலில் கை நீட்டியவர் யாரென்று கண்டுபிடிக்கிற வேலை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வண்டி நின்றால் இது புரியும். நீங்கள் அவசரமாகக் கிளம்புகிற நாளாகப் பார்த்து, 'லோ வோல்டேஜ் சிஸ்டத்தில் கோளாறு, சர்வீஸ் சென்டரை அணுகவும்' என்று திரையில் மஞ்சள் எழுத்து வரும். அதைச் சொன்னதோடு தன் கடமை முடிந்ததென்று வண்டி நின்றுவிடும். அணுகுகிற உங்களுக்கும் தலைவலி, அணுகப்படுகிற எனக்கும் தலைவலி.

நான் கேரள எல்லையோரப் பாறசாலைக்காரி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டரில் நாலு வருஷம் கௌண்டரில் உட்கார்ந்து, மற்றவர்கள் சொல்கிற கோளாறை எழுதிக்கொண்டிருந்தேன். எச்சரிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தவர் வளைகுடாவுக்குப் போனதும், அந்த லேப்டாப்பையும் மேசையையும் எனக்குக் கொடுங்கள் என்று மேனேஜர் சாஜன் சாரிடம் கேட்டேன். அவர் மலையாளி. என்னிடம் தமிழில் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார். "ஜெசி, மூணு மாசம் நோக்காம். ஒரு வண்டிக்கு தெற்றா பார்ட் மாத்தினா பின்னே உனக்கு கௌண்டர்தான். கொச்சி ஆபீஸ்ல இருந்து ஆள் வரும்" என்றார். நோக்காம் என்றால் பார்க்கலாம், தெற்று என்றால் தப்பு. ஒரே ஒரு தப்பு. சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பட்டறையில் அதற்குப் பன்னிரண்டு வோல்ட் மேசை என்று பெயர். எலக்ட்ரிக் காரில் இரண்டு பேட்டரி. வண்டியை ஓட்டுவது பெரியது. ஆனால் வண்டியைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதும், கதவு திறப்பதும், உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கெல்லாம் உயிர் கொடுப்பதும் பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரி. சின்னது படுத்தால் பெரியது முழு சார்ஜோடு இருந்தும் பிரயோஜனமில்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. நம்பியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நாற்பத்தொரு புகார்

முதல் வாரமே கழக்கூட்டத்திலிருந்து அருண் வந்தார். திருநெல்வேலிப் பையன், ஐடி பார்க்கில் வேலை. வண்டி இரண்டு நாள் நின்றால் மூன்றாம் நாள் எழுந்திருக்க மறுக்கிறது. கையில் நாலு பக்கத்துக்குப் பிரிண்ட் எடுத்து, நாற்பத்தொரு எச்சரிக்கைகளையும் நிறம் வாரியாகக் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார். "மேடம், நானே எல்லாம் அனலைஸ் பண்ணிட்டேன். மெயின் கன்ட்ரோல் யூனிட் போயிருச்சு. மாத்திக் குடுங்க போதும்" என்றார். சாஜன் சார் அந்த நாலு பக்கத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். யூனிட்டுக்கு ஆர்டர் போடலாமா என்று என்னைக் கேட்டார்.

நான் நிறத்தைப் பார்க்கவில்லை, நேரத்தைப் பார்த்தேன். நாற்பது எச்சரிக்கைகளும் ஒரே நிமிஷத்துக்குள் வந்தவை. அவற்றுக்கு முன்னால் தனியாக ஒன்று இருந்தது: சின்ன பேட்டரியில் வோல்டேஜ் குறைவு. அதாவது பேட்டரி படுத்ததும் மற்றவர்களெல்லாம் கூச்சல் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பேட்டரியைச் சோதித்தால் அது நன்றாக இருக்கிறது. அப்படியானால் யாரோ அதன் சார்ஜைக் குடிக்கிறார்கள். குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே பார்த்தேன். எச்சரிக்கை படிப்பதற்கென்று அருண் ஆன்லைனில் வாங்கிச் செருகிய சின்ன புளூடூத் கருவி நீல விளக்கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. வண்டி வாங்கிய அன்றே செருகியது, பிறகு எடுக்கவே இல்லை. அது 'என்ன விசேஷம், என்ன விசேஷம்' என்று ராப்பகலாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்தப் பெட்டி தூங்கும்? பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். மூன்று நாள் வண்டியை எங்கள் இடத்திலேயே நிறுத்தினோம். நாலாம் நாள் தொட்டதும் எழுந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். அருண் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ மேடம், வண்டியில இருந்த ஒரே கோளாறு நான்தானா?"

முழு வயிற்றோடு மலை இறங்கியவள்

பொன்முடித் தோட்டத்தில் ஒரு டாக்டரம்மா. சனி, ஞாயிறு மேலே தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக் குடியிருப்பில் வைத்தியம், திங்கள் காலை நகரத்துக்கு இறங்குவார். வளைவுக்கு வளைவு நின்று எனக்கு போன் செய்தார். திரையில் 'ரீஜென் பிரேக்கிங் குறைக்கப்பட்டுள்ளது' என்று வருகிறதாம், பிரேக் போய்விட்டது என்று அவர் பயந்துபோயிருந்தார். மெதுவாக ஓட்டி வந்து சேர்ந்தார். பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றிவிடலாம் என்று சாஜன் சார் சொன்னார். பிரேக் விஷயம், மனிதர் பயந்ததில் தப்பில்லை. ஆனால் எங்கள் இடத்தில் எத்தனை தடவை ஓட்டினாலும் அந்த எச்சரிக்கை வரவே இல்லை.

மேலே போய்த்தான் பார்க்க வேண்டும் என்றேன். அடுத்த ஞாயிறு பஸ் பிடித்துப் போனேன். அந்தப் பக்கம் பஸ் என்பது வந்தால் உண்டு. டாக்டரம்மா வீட்டு வாசலில் வண்டி சார்ஜில் நிற்கிறது, நூறு சதவீதம். விஷயம் அங்கேயே முடிந்தது. இறக்கத்தில் இந்த வண்டி வேகத்தைக் குறைக்கும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரியில் இடமே இல்லையென்றால் எங்கே அனுப்பும்? 'இப்போது முடியாது, காலால் பிரேக்கை அமுக்குங்கள்' என்பதைத்தான் அது தன் பாஷையில் சொல்லியிருக்கிறது. மேலேயே சுற்றி ஓட்டிக் குறைத்து, மறுநாள் எண்பது சதவீதத்தோடு கிளம்பினோம். பக்கத்தில் நான் லேப்டாப்போடு உட்கார, அத்தனை வளைவும் இறங்கினோம். ஒரு மஞ்சள் எழுத்துகூட இல்லை. அடிவாரம் வந்ததும் டாக்டரம்மா வண்டியை ஓரம்கட்டினார்.

"வயிறு முட்ட சாப்பிட்டுட்டு மலை இறங்காதீங்கன்னு லயத்துல எல்லார்கிட்டயும் சொல்றேன். என் காருக்குச் சொல்ல விட்டுப்போச்சு."

லலிதா டீச்சரின் ஆணி

எல்லாம் வெற்றிதான் என்று நினைத்துவிடாதீர்கள். பேரூர்க்கடை லலிதா டீச்சரின் காரில் நான் கிட்டத்தட்ட விழுந்தேன். சின்ன பேட்டரியை ஏற்கெனவே வேறு இடத்தில் இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். மூன்றாவதற்கு நானே ஃபார்ம் நிரப்பி, அனுப்புகிற பட்டன் மேல் விரலை வைத்திருந்தேன். எங்கள் சீனியர் ஃபிட்டர் ராஜப்பன் அண்ணன் டீ குடித்துக்கொண்டே, "மோளே, மூணு பேட்டரியும் கெட்டதுன்னா கம்பெனிய மூடிட்டுப் போலாமே" என்றார். விரலை எடுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

பதிவைத் தோண்டினால், வண்டி ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை விழித்திருக்கிறது. எதற்கு? 'சாவி அருகில் வந்தது.' டீச்சர் வீட்டுக்குப் போனேன். கார் நிற்கிற இடத்துக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் ஓர் ஆணி, ஆணியில் சாவி, சாவிக்கு நேர் மேலே மின்விசிறி. அசையாமல் இருந்தால் அந்தச் சாவி தூங்கிவிடும், காருக்குத் தகவல் அனுப்பாது. விசிறிக் காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. சாவி ஆட, கார் 'அம்மா வந்துட்டாங்க' என்று எழுந்து எழுந்து பார்த்திருக்கிறது. சாவியைச் சமையலறை டப்பாவுக்கு மாற்றினோம். அதோடு தீர்ந்தது. கணவர் பக்கத்தில் நிற்கும்போதே நான் இதை விளக்கியதை டீச்சர் ரசித்ததாகத் தெரியவில்லை.

"நான் வீட்டுல யாரையும் தூங்க விடமாட்டேன்னு எங்க சார் சொல்லிட்டே இருப்பாரு. நீ இப்போ இதை அவர் முன்னாடி சொல்லணுமாக்கும்."

வலியசாலையில் வெள்ளம்

மூன்று மாசக் கெடுவின் கடைசி வாரம். காலையிலேயே கொச்சியிலிருந்து மெயில். வலியசாலையிலிருந்து ஒரு வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஹெல்ப்லைன் பதிவு 'வெள்ளத்தில் மூழ்கிய வாகனம், ஆன் செய்யக்கூடாது'. இரண்டு நாளாக நல்ல மழை. கிள்ளியாறு பொங்கியிருக்கும் என்று நினைத்தோம், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த முத்திரை ஒரு தடவை விழுந்தால் பெரிய பேட்டரிக்கு வாரண்டி கிடையாது, வண்டியை வாங்கவும் ஆள் வராது. ராஜப்பன் அண்ணன் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். லாரிக்குப் பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார் வண்டிக்காரர். ஹரிஹரன் மாமா, சர்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமிக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிக்கொண்டு போவது இந்த வண்டியில்தான்.

வண்டியைத் தொடாமல், அது முன்பே கம்பெனிக்கு அனுப்பிவைத்த எச்சரிக்கைகளை லேப்டாப்பில் பார்த்தேன். இருபத்தாறு. ஆனால் தண்ணீரில் மூழ்கிய வண்டியில் முதலில் அலற வேண்டியது மின்கசிவைச் சொல்கிற பெரிய பேட்டரியின் இன்சுலேஷன் எச்சரிக்கை. அது இருபத்தாறில் எங்குமே இல்லை. முதலில் அலறியது முன்பக்கத்து இடது சீட்டின் சென்சார். கதவைத் திறந்தேன். மற்ற மூன்று பக்கத்திலும் கார்ப்பெட் சருகு மாதிரி காய்ந்து கிடந்தது. இடது சீட்டுக்குக் கீழே மட்டும் ஈரம், அதுவும் ரோஜா நிறத்தில். ஆற்றுத் தண்ணீர் ரோஜா நிறத்தில் வராது.

"மாமா, வண்டி எவ்வளவு தூரம் முங்கிச்சு?"

"முங்கறதாவது? மாமிக்குப் பதிமுகக் கட்டை போட்டு ரோஜாக் கலர்லே காய்ச்சின வெள்ளம் கொண்டுபோனேன். பிளாஸ்க் சாஞ்சு சீட்டுக்கு அடியிலே போயிடுத்து. போன்ல தமிழுக்கு ரெண்டை அமுக்கச் சொன்னா. நம்ம பாஷையாச்சேன்னு அமுக்கி, வண்டிக்குள்ளே வெள்ளம் கேறிடுத்துன்னு சொன்னேன். அந்த மெட்ராஸ் பொண்ணு, 'ஐயோ சார், நீங்க பத்திரமா இருக்கீங்களா, மாடிக்குப் போயிட்டீங்களா'ன்னு கேக்கறா. பிளாஸ்க் கொட்டினதுக்கு எதுக்கு மாடின்னு எனக்கும் புரியலை."

நான் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்த ஊரில் குடிக்கிற தண்ணீர் வெள்ளம். தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிற வலியசாலை வீடுகளின் தமிழிலும் அது வெள்ளம்தான். சென்னையில் வெள்ளம் என்றால் படகு வர வேண்டும். ஒரு பிளாஸ்க் தண்ணீர் ஒரு வார்த்தையில் ஆறாகிவிட்டது. கொச்சிக்கு போன் செய்தால், பதிவானது பதிவானதுதான், வெள்ளம் இல்லை என்று பரிசோதித்தவர் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும் என்றார்கள். சாஜன் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஜெசி, வெள்ளம்னு அவங்களே எழுதியாச்சு. அப்படியே விட்டா நமக்கு ஒரு தலைவேதனையும் இல்ல. நீ ஒப்பிட்டு, ஒரு மாசம் கழிஞ்சு பேட்டரி போனா, அது உன் தெற்று." ஒப்பிடுவது என்றால் கையெழுத்துப் போடுவது. நாலு வருஷம் உட்கார்ந்திருந்த அந்தக் கௌண்டர் நாற்காலி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. மாமா வெளியே பெஞ்சில், வண்டியின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சின்ன பேட்டரியின் கம்பியைக் கழற்றிவிட்டு சீட்டைத் தூக்கினோம். அடியில் இருந்த பிளக்கின் ஊசிகளில் ரோஜா நிறத்தில் படிந்திருந்தது. அங்கே ஷார்ட் ஆகி ஒரு ஃபியூஸ் போயிருக்கிறது. அதே ஃபியூஸிலிருந்து வேறு நாலு கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும் மின்சாரம் போகிறது. நாலும் வாயை மூடியதும் மற்றவை 'ஆளைக் காணோம்' என்று புகார் எழுதியிருக்கின்றன. பிளக்கைச் சுத்தம் செய்து, உலர்த்தி, புது ஃபியூஸ் போட்டேன். பெரிய பேட்டரியின் இன்சுலேஷனை ராஜப்பன் அண்ணன் ஒரு தடவையும் நான் ஒரு தடவையும் அளந்தோம், அப்பழுக்கில்லை. அடியில் கழற்றிப் பார்த்த மூடிகளுக்குள் புழுதிதான் இருந்தது, சேறு இல்லை. ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன். பிறகு அறிக்கையில் 'வெள்ளப்பெருக்கு இல்லை, குடிநீர் பிளாஸ்க் கவிழ்ந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டியை எழுப்பினேன். இருபத்தாறு எச்சரிக்கைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. திரையில் பச்சை எழுத்தில் 'ரெடி' வந்தது. பட்டறையில் யாரோ விசில் அடித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் கொச்சி முத்திரையை நீக்கியது. சாஜன் சார் என் அறிக்கைக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டிருந்தார், நான் கேட்காமலே. மாமா சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கினார்.

"நன்னாச் செஞ்சே கொழந்தே. இனிமே தமிழ்ல பேசணும்னா நான் மலையாளத்தை அமுக்கிடறேன்."

கொச்சியிலிருந்து ஆள் வேண்டாம் என்று சாஜன் சார் எழுதிவிட்டார். ஆக மேசை எனக்கே, இனி தப்பு செய்தால் திரும்பிப் போவதற்குக் கௌண்டரும் கிடையாது, அங்கே வேறொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள்.