பெட்டிக்கு அடியில் கடல்

மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் புளித்த வாசம் எங்கே வந்தாலும், இந்த வயதிலும் என் விரல்கள் தாமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இதை யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும் என்று எழுத்துக் கூட்டி நானேதான் எழுதுகிறேன்.

அப்போதெல்லாம் திருப்பூரில் பனியனை அட்டைப் பெட்டியில் அடுக்கித்தான் வெளியூருக்கு அனுப்புவார்கள். ஒரு கம்பெனியில் என் அக்கா மயிலா அட்டையை மடித்துப் பெட்டியாக்குவாள். நான் மேலே "லேபிள்" ஒட்டுவேன். அவளுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. எட்டாவது பாதியில் நிறுத்தப்பட்டவள் அக்கா. டீச்சர் வீட்டுக்கே வந்து பேசியதில், அடுத்த ஜூனில் மறுபடி சேர்த்துவிடுவதாக அப்பா அரை மனதாகத் தலையாட்டியிருந்தார். "அதுவரைக்கும் வேலைல ஒரு சொல்லு வரப்படாது" என்பதுதான் அவர் போட்ட கட்டளை.

பள்ளிக்கூடத்தில் அக்கா கடைசியாகக் கேட்ட பாடம் ஆழ்கடல் பிராணிகளைப் பற்றியது. அந்தப் பாதிப் பாடத்தைப் பசைச்சட்டி முன்னால் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். நம் தோட்டத்துக் கிணறுகளை ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கினாலும் அடி தட்டாதாம், வெயிலே எட்டாதாம். அங்கே எட்டுக் கையும் மூன்று இதயமுமாக ஒன்று, தன்னைவிடப் பெரிய மீனை விழுங்கிவிட்டு வயிறு பை மாதிரித் தொங்க நீந்துவது ஒன்று, தலையில் விளக்கோடு திரிவது ஒன்று.

சொல்வதோடு நிற்கமாட்டாள். தினம் ஒரு பெட்டியின் உள்ளே, அடியில், பென்சில் துண்டால் ஒரு பிராணியை வரைந்துவிடுவாள். மேலே பனியன் அடுக்கிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? "அதுகளும் ஆரும் பாக்காம அடியிலதான கெடக்குது" என்பாள். விளக்கு மீனுக்கு மட்டும், தலையிலிருந்து ஒரு குச்சி நீட்டி, அதில் கம்பிப் பிடியோடு அரிக்கேன் விளக்கையே தொங்கவிட்டிருந்தாள்.

"தண்ணிக்குள்ள அணைஞ்சு போயிராதாக்கா?"

"அப்பறம் கண்ணாடி எதுக்கு இருக்குதாம்? குஞ்சுகளுக்கு வழி தெரிய வேண்டாமா?"

பக்கத்தில் பனியன் மடிக்கிற பொன்னம்மாக்கா சிரிப்பாள். "நொய்யல் ஆத்தத் தாண்டாதவ கடல் மீனுக்குச் சீமெண்ணெய் ஊத்தறா பாரு!"

மாசி மாதம் போல, வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. மேஸ்திரி அதைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். உள்ளே வாயைப் பிளந்துகொண்டு அந்தப் பெரிய வயிற்று மீன். "ஆரு கண்ணு இது வரைஞ்சது?" என்று சிரித்த முகமாகத்தான் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கோ, எங்கோ தூரத்து ஊர் போன படம் பாராட்டு வாங்கி வந்திருக்கிறது என்று நினைப்பு; நெஞ்சு நிமிர எழுந்து நின்றேன்.

"எங்கக்காதானுங்க! இன்னும் எத்தனையோ பெட்டில வரைஞ்சிருக்குதுங்க!"

பேய்ப் படம் போட்ட சரக்கு வேண்டாம் என்று கடைக்காரர் திருப்பியிருக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே அக்காவை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு நடக்கும்போது நான் அழுதுகொண்டே வந்தேன். "உடு கண்ணு, நீ பொய்யா சொன்ன?" என்று என் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"சொல்லு வந்துருச்சல்லோ" என்றார் அப்பா. "வயசுப் புள்ளைய ஊட்டுல வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றாள் அம்மா. ஜூன் வருவதற்குள் உடுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மறு வருஷம் தலைப்பிரசவத்தில் தாயும் போனாள், பிள்ளையும் போனது. எங்கள் வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை.

என் மகள் அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். போன மாதம், பழுதென்று கழித்த குழந்தைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். நெஞ்சில் அச்சடித்திருந்தது அந்த விளக்கு மீன். கம்பிப் பிடி இல்லை, கண்ணாடி இல்லை, பொட்டு வெளிச்சம் மட்டும். "இரைய இழுக்கத்தான்மா அந்த வெளக்கு. கிட்ட வந்தா முழுங்கீரும்" என்றாள். இருக்கலாம். அக்காவின் மீன் குஞ்சுகளுக்குத்தான் விளக்குப் பிடித்தது.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பனியனெல்லாம் பாலித்தீன் கவரில் போகிறது. எங்கேயாவது பழைய ஜவுளிக் கடையில் பனியன் அட்டைப் பெட்டி கண்ணில் பட்டால் மட்டும் நான் உள்ளே ஏறிவிடுவேன். "என்ன சைஸுங்கம்மா வேணும்?" என்று கேட்பார்கள். மேலே இருக்கிற பனியன்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அடி தெரியும் வரைக்கும் பார்ப்பேன். வெறும் அட்டைதான் இருக்கும். எடுத்ததையெல்லாம் மடிப்புக் கலையாமல் திருப்பி அடுக்கிவிட்டு வந்துவிடுவேன்.