கிளாரம்மாவின் கப்பல் விரதம்

படப்பையில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது கிளாரம்மாவின் மகள் பிலோமினா போனில் அழைத்தாள். "டீச்சர், அம்மா காலையில போயிட்டாங்க. தூக்கத்துலயே." கம்பெனி பேருந்துகள் ஒரகடம் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த இரைச்சல் மெல்ல மெல்ல அலைச்சத்தமாக மாறியது. என் கண்முன்னே சாலை இல்லை. 1991ஆம் ஆண்டின் நீலம் விரிந்து கிடந்தது.

வல்லம் பக்கத்து எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு, சத்துணவு அமைப்பாளர் கிளாரம்மாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடைசிப் பிள்ளை தட்டை வழிக்கும்வரை தான் சாப்பிட உட்காரமாட்டார். ஆனால் அவருக்குப் பயணம் ஆகாது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. தாம்பரம் பஸ்ஸில் ஏறினால், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே, பாதி வழியில் மண்ணிவாக்கம் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார்.

அந்தக் கோடை விடுமுறையில் போர்ட் பிளேரில் பிலோமினாவுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல். துணைக்கு நானும் புறப்பட்டேன்.

"இன்னா டீச்சர், பஸ்ஸே ஆவாது எனக்கு, இதுல கப்பலா! அங்க போய் எறங்குனா எம் பொண்ணுதான் எனக்குப் பத்தியம் வெக்கப் போறா" என்று சிரித்தார்.

கப்பலில் ஏறிய பிறகுதான் சொன்னார், மாதாவுக்கு நேர்ந்திருப்பதாக. மகள் முகத்தைப் பார்க்கும்வரை தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டாராம். வெறும் வயிற்றில் வாந்தி எடுக்க என்ன இருக்கிறது, அதுவும் நல்லதுதான் என்று நானும் தலையாட்டினேன். பிள்ளைகளின் விடையைத் திருத்துகிறவளின் தப்பு விடை அது.

கரை மறைந்ததும் கீழ்த்தளத்துப் படுக்கையில் சுருண்டவரால் மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. உதடு வெடித்திருந்தது. குடித்த தண்ணீரும் தங்கவில்லை. கப்பல் மருத்துவர் வந்து பார்த்தார்.

"மாத்திரையைக் கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும்மா. காலி வயிறுதான் கடலுக்கு ஆகாது. காய்ஞ்சதா ஏதாவது கொஞ்சங்கொஞ்சமா சாப்பிடுங்க. மேல்தளத்துல நடுவுல போய் உட்காருங்க. இப்படியே கிடந்தா, இறங்கினதும் ஆஸ்பத்திரியில நீங்கதான் படுக்கணும்."

அவர் போன பின் கிளாரம்மாவின் கண் கலங்கியது. "நேர்ந்தத மீறி எம் பொண்ணுக்கு எதனா ஆச்சுன்னா, டீச்சர்?"

நான் பையிலிருந்த பொரிப் பொட்டலத்தை எடுத்து அவர் தலைமாட்டில் வைத்தேன். அதைப் பார்த்தபடி அவரே சொன்னார்:

"மாதாவும் மாசமாத்தான கழுத மேல போனாங்க? அவங்களுக்குக் கொமட்டாமயா இருந்திருக்கும்? அவங்களுக்குப் புரியும். அந்தப் பொரியக் குடுங்க டீச்சர்."

ஒவ்வொரு பொரியாக மென்றார். கைத்தாங்கலாக மேலே அழைத்துப் போனேன். ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் ஆளுக்கொரு விடை சொன்னால் பிள்ளைக்குத் தலை சுற்றாதா? கப்பல் குமட்டலும் அப்படித்தான். கீழே அறைச்சுவரைப் பார்த்த கண் 'அசையவில்லை' என்றது. உடலின் ஆட்டத்தை உணரும் உள்காது 'ஆடுகிறோம்' என்றது. மேலே வந்து தூரத்தில் வானும் கடலும் தொடும் கோட்டைப் பார்த்ததும் இரண்டும் ஒரே விடைக்கு வந்தன. பறக்கும் மீன்கள் வெள்ளித் துளிகளாய் எழுந்து எழுந்து மறைந்தன. எங்கே வானம் முடிகிறது, எங்கே நீர் தொடங்குகிறது என்று தெரியாத ஒரு மாலையில், என் தோளில் சாய்ந்து குழந்தை போல் தூங்கிப்போனார்.

போர்ட் பிளேரில் தன் காலாலேயே படி இறங்கினார். மறுநாள் பிறந்த பேரனை முதலில் ஏந்தியவர் அவர்தான்.

பள்ளி திறக்கும் சமயம் திரும்பினோம். மழைக்காலக் கடல், கப்பல் தொட்டிலாய் ஆடியது. இம்முறை முன்னதாகவே மாத்திரை போட்டிருந்தும் கிளாரம்மாவின் முகம் வெளுத்துத்தான் இருந்தது. அப்படியும் கீழ்த்தளத்தில் சுருண்டு கிடந்த முன்பின் தெரியாதவர்களை ஒவ்வொருவராக எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிவந்து, "தோ, கடல் முடியற அந்தக் கோட்டையே பாருங்க" என்று உட்காரவைத்தார். விட்ட விரதத்துக்குப் பதில் நேர்த்திக்கடனாம் இது.

"போதும், உட்காருங்க. நேர்த்தி முடிஞ்சுதில்ல?" என்றேன்.

"இன்னும் மூணு பேர் கீழ கீறாங்க, டீச்சர்."

கிளாரம்மாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த முதுகுதான். தன் குமட்டலை விழுங்கிக்கொண்டு, கம்பியைப் பற்றியபடி, ஆடும் படிகளில் யாருக்காகவோ இறங்கிப் போகும் முதுகு.