போய்ச் சேராத குரல்

எங்கள் தெருவில் என் மனைவிக்கு 'விஷக்காரி' என்று பேர். திட்டுவதற்காக வைத்த பேரல்ல. எதிர்வீட்டுத் தையற்காரர் ஒருநாள் கேலியாகச் சொன்னார், அது ஒட்டிக்கொண்டது. அவள் பார்க்கும் வேலை அப்படி. யாராவது எதையாவது தெரியாமல் விழுங்கிவிட்டால், தப்பான மாத்திரையைப் போட்டுக்கொண்டால், பூச்சி மருந்து பட்ட கையைக் கழுவாமல் சாப்பிட்டுவிட்டால், கூப்பிட்டுக் கேட்பதற்கென்று ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பதில் சொல்கிறவர்களில் அவள் ஒருத்தி.

அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் மருத்துவமனை மருந்தகத்தில் நின்றபடியே வேலை பார்த்தாள். முழங்கால் போய்விட்டது. உட்கார்ந்து பேசுகிற வேலை என்றதும் சரி என்றாள். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். எடுப்பது வெளியே, வெட்டி ஒட்டுவதெல்லாம் வீட்டில். இரண்டு பேரும் பகல் முழுக்க ஒரே கூரையின் கீழ் இருக்கலாம், மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன்.

துணி அடுக்கி வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து கொடுத்தேன். ஒரு மேசை, ஒரு கணினி, காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட். அவளுடைய போன் இணையத்தில் ஓடும் போன். அந்த அறையில் செல்போனுக்கு சிக்னலே கிடையாது, பால்கனிக்குப் போக வேண்டும். என் மேசை சுவருக்கு இந்தப் பக்கம். அது செங்கல் சுவர் அல்ல, பலகைத் தடுப்பு. அவள் பேசுவது முழுக்க எனக்குக் கேட்கும். "வாந்தி எடுக்க வைக்காதீங்க. எதுவும் குடிக்கக் கொடுக்காதீங்க. பாட்டிலைக் கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க." ஒரு வருஷத்தில் அந்த வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம். குரல் ஏறாது, இறங்காது. வீட்டில் என்னிடம் மட்டும் ஏன் அந்தக் குரலில் பேசுவதில்லை என்று கேட்டிருக்கிறேன். "நீங்க என்ன விஷமா குடிச்சிருக்கீங்க?" என்பாள்.

பயம் எப்போது வீட்டுக்குள் வந்தது என்று சரியாகச் சொல்ல முடியும். ஒரு புதன்கிழமை அவளுடைய மேற்பார்வையாளர் அம்மா கூப்பிட்டார். "உங்க ஷிப்ட்ல நிறைய பேர் பாதியிலேயே போனை வெச்சிடறாங்க. என்னன்னு பாருங்க." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வேலையில் ஒருவர் போனை வைத்துவிட்டால், அவர் ஏன் வைத்தார், அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்காமல் இருக்க முடியாது. பயம் தெளிந்து வைத்தாரா, கோபித்துக்கொண்டு வைத்தாரா, போனைப் போட்டுவிட்டு ஓடினாரா? தெரியாது. அடுத்த அழைப்பு வந்துவிடும்.

"என்னங்க, என் குரல் சரியாப் போகுதான்னே சந்தேகமா இருக்கு" என்றாள்.

"அவங்க பேசுறது உனக்கு நல்லாக் கேக்குதில்ல?"

"நல்லாத்தான் கேக்குது."

"அப்புறம் என்ன? ஒரே லைன்தானே? வர்றது நல்லா வந்தா போறதும் நல்லாத்தான் போகும்."

இதைச் சொன்ன வாயை என்ன செய்யலாம் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சொன்னதோடு நிறுத்தவுமில்லை. நான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே. கேமரா, கணினி, வயர் என்று எதைப் பார்த்தாலும் மூக்கை நுழைப்பவன். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். அதில் முன்னுரிமை என்று ஒரு பகுதி இருந்தது. வீட்டில் பலபேர் ஒரே நேரத்தில் இணையத்தைப் பயன்படுத்தினால் யாருடையது முதலில் போக வேண்டும் என்று நாம் சொல்லிவைக்கலாம். குரல் அழைப்புக்கு முதலிடம் கொடுத்தேன். என் வீடியோக்களைக் கடைசிக்குத் தள்ளினேன். அதைச் செய்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. இணையம் உள்ளே வரும் வேகம் எவ்வளவு, வெளியே போகும் வேகம் எவ்வளவு என்று கேட்டது. கம்பெனிக்காரன் விளம்பரத்தில் நூறு என்று போட்டிருந்தான். இரண்டு கட்டத்திலும் நூறு என்று எழுதினேன்.

பிறகு சோதனை. ஒரு பெரிய வீடியோவை அனுப்ப விட்டுவிட்டு, அவளுடைய ஹெட்செட்டை நானே மாட்டிக்கொண்டு, மணி சொல்லும் எண்ணுக்குப் போன் செய்தேன். "நேரம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்" என்று பளிச்சென்று கேட்டது. "பாத்தியா? கண்ணாடி மாதிரி இருக்கு. எல்லாம் உன் மனசுதான்" என்றேன். மணி சொல்கிற இயந்திரம் நான் பேசுவதைக் கேட்கப்போவதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அவள் நம்பினாள். என்னை நம்பித் தன்னைச் சந்தேகப்பட்டாள். தான் வேகமாகப் பேசுகிறோமோ, தன் குரல் கடுமையாக இருக்கிறதோ, அதனால்தான் வைத்துவிடுகிறார்களோ என்று கண்ணாடி முன் நின்று மெதுவாகப் பேசிப் பழகினாள். நான் சிரித்தேன். மத்தியானம் ஆனால் அவள் கை சில்லென்று ஆகிவிடும். காலையில் யாரும் வைப்பதில்லை, மத்தியானத்தில்தான் வைக்கிறார்கள் என்றாள். பென் டிரைவில் கொடுப்பதை விட்டுவிட்டு, கொஞ்ச நாளாக மத்தியானத்தில்தான் நான் வீடியோக்களை இணையத்தில் அனுப்புகிறேன் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், அதைத்தான் கடைசிக்குத் தள்ளியாயிற்றே என்று அவள் வாயை அடைத்திருப்பேன்.

அந்த நாளும் மத்தியானம்தான். நாலு மணிக்குள் ஒரு கல்யாணத்தின் முழு வீடியோவும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அண்ணன் காலையிலிருந்து என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். திரையில் அறுபத்தெட்டு சதவீதம் போயிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் வழக்கம்போல ஆரம்பித்தது. பிறகு ஏறியது. அந்தக் குரல் ஏறி நான் கேட்டதே இல்லை.

"அம்மா, நான் பேசுறது கேக்குதா? கொடுக்காதீங்க! அம்மா! கேக்குதா?"

கதவு படாரென்று திறந்தது. "என்னங்க, அவங்க பேசுறது எனக்கு அப்படியே கேக்குது. நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கலை. ரெண்டு வயசுக் குழந்தை, குழாய் அடைப்பு எடுக்கிற திரவத்தைக் குடிச்சிருக்கு. வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணி கலக்கிட்டு இருக்கா."

அந்தத் திரவம் உள்ளே போகும்போதே தொண்டையை எரிக்கும். வாந்தி எடுக்க வைத்தால் வந்த வழியே திரும்பி இன்னொரு முறை எரிக்கும். தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

அவள் அந்த அம்மாவின் எண்ணைக் கையில் கிறுக்கிக்கொண்டு, தன் செல்போனோடு பால்கனிக்கு ஓடினாள். முழங்கால் வலிக்காரி ஓடினாள். நான் திரையைப் பார்த்தேன். அறுபத்தொன்பது. இதுதான் அடைக்கிறது என்று அப்போது ஒரு நொடியில் புரிந்தது. நிறுத்தினால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும் என்பதும் அதே நொடியில் தோன்றியது. என் விரல் இரண்டு நொடி, மூன்று நொடி இருக்கும், அசையாமல் நின்றது. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

நிறுத்தினேன்.

சின்ன அறைக்குப் போனேன். மேசைமேல் கிடந்த ஹெட்செட்டிலிருந்து அழுகுரல் வந்துகொண்டிருந்தது. மாட்டினேன். "ஹலோ? யாராவது இருக்கீங்களா? ஒண்ணுமே கேக்கலையே! ஐயோ, வாயைத் திற கண்ணு, வாயைத் திற…" பின்னால் குழந்தை வீறிட்டது. டம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தம்கூடக் கேட்டது. அவ்வளவு தெளிவு. பால்கனியில் மனைவி "பிசி, பிசின்னு வருது" என்று கத்தினாள். அந்த அம்மாவின் போன் எங்களோடுதானே பேசிக்கொண்டிருக்கிறது, பிறகு எப்படிப் போகும்?

நான் பேசக்கூடாது. அதற்கான படிப்பில்லாதவன் அந்த ஹெட்செட்டைத் தொடவே கூடாது என்பது விதி. பேசினேன்.

"அம்மா, கொடுக்காதீங்க. டம்ளரைக் கீழ வைங்க."

பதில் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. இவள் ஏழு வாரமாக தினமும் மத்தியானம் இதைத்தான் அனுபவித்திருக்கிறாள், நான் மனசு என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். "அம்மா, கேக்குதா? வாந்தி எடுக்க வைக்காதீங்க. எதுவும் குடிக்கக் கொடுக்காதீங்க."

"யாரு? லேடி ஒருத்தங்க எடுத்தாங்களே, நீங்க யாரு?"

"நான் அவங்க வீட்டுக்காரர்."

"வீட்டுக்காரரா?"

"டம்ளரைக் கீழ வைங்கம்மா, உங்களைக் கும்பிடறேன்."

"ஒரு ஸ்பூன் உள்ள போயிடுச்சே!"

எனக்கு அதற்குமேல் தெரியாது. மனப்பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குள் அவள் வந்து ஹெட்செட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "பரவாயில்லை. இதுக்கு மேல எதுவும் கொடுக்காதீங்க. வாயை மட்டும் தண்ணில துடைச்சு விடுங்க. கிளம்புங்க, நான் லைன்லயே இருக்கேன்." குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. மேசைக்கு அடியில் கால்கள் மட்டும் உதறிக்கொண்டிருந்தன. நான் தரையில் உட்கார்ந்து அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டேன்.

குழந்தை வாந்தி எடுக்கவில்லை. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் கம்பெனியிலிருந்து லைன்காரரை வரவழைத்தேன். ரூட்டர் பக்கத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "சார், உள்ள வர்றதுதான் நூறு. வெளிய போறது பத்து. பத்துப் பேர் போற வாசலுக்கு நூறு பேர் போலாம்னு எழுதி வெச்சிருக்கீங்க. இடம் தாராளமா இருக்குன்னு நெனச்சு அது யாரையும் நிறுத்தலை. எல்லாம் வாசல்ல முட்டிக்கிட்டு நின்னுருக்கு, அவங்க குரலும் சேர்ந்து." பத்துக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கட்டும் என்று, வெளியே போகும் கட்டத்தில் நூறை அழித்து எட்டு என்று எழுதினார். அவ்வளவுதான் வேலை. டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவள் நடந்தது முழுவதையும் எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பினாள். நான் பேசியதையும் எழுதினாள். "அதை மட்டும் விட்டுடேன், வேலை போயிடும்" என்று கெஞ்சினேன். "இத்தனை நாள் என்ன ஆச்சுன்னே தெரியாம பயந்தேன். இனிமே தெரிஞ்சே மறைச்சுட்டு வேற பயப்படணுமா?" என்றாள். வேலை போகவில்லை. இனிமேல் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் ஒன்று கேட்டாள். அந்த ஏழு வாரத்தில் தன்னிடம் பேசும்போது பாதியில் வைத்தவர்களின் பட்டியல். பத்தொன்பது பேர். பதிமூன்று பேர் உடனே மறுபடி கூப்பிட்டு வேறு யாரிடமோ பேசியிருக்கிறார்கள். ஆறு பேர் கூப்பிடவே இல்லை. அந்த ஆறு பேரிடமும் தானே பேச வேண்டும் என்றாள். வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். அலுவலகத்தில் கண்ணாடி அறை. நான் வெளியே நடைவழி நாற்காலியில். அவள் உதடு அசைவது தெரிகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதல் எண்ணில் பேசி முடித்ததும் மூச்சு விட்டது தெரிந்தது. இரண்டாவதில் லேசாகச் சிரித்தாள். மூன்றாவது சீக்கிரம் முடிந்தது. நான்காவது எண்ணைப் போட்டாள். இரண்டு வார்த்தை சொன்னாள். பிறகு அவள் உதடு அசையவே இல்லை. போனைக் காதில் வைத்தபடி வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஏதோ சொன்னாள், சின்னதாக. மற்ற இரண்டு பேரிடமும் பேசிவிட்டுத்தான் எழுந்தாள்.

வெளியே வந்தவள், "வீட்டுக்குப் போலாங்க" என்றாள். வண்டியில் வழி முழுக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த நான்காவது ஆள் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறைக்க மாட்டாள், அப்படியே சொல்லிவிடுவாள். அதனால்தான் கேட்கவில்லை.