நாத்தனார் வாசித்த போர்ச் செய்தி

என் பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கிறது. மலையாளப் பத்திரிகையின் முதல் பக்கத் தலைப்பு. கத்தரிக்கோலால் கோணல்மாணலாக வெட்டியது. வெட்டியவள் நான்தான். வெட்டிய அன்று அதில் ஓரெழுத்துகூட எனக்கு வாசிக்கத் தெரியாது. எத்தனையோ வருடமாக அதை எடுத்து எடுத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இந்த ஒரு மாதமாகச் சிரிப்பு வரவில்லை.

கம்பத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்கு இருபது வயது. மாப்பிள்ளை வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், கவலையில்லை என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். வந்து பார்த்தால் அது தமிழ்தானா என்று எனக்கே சந்தேகம். "சாயா ஒழிச்சுத் தா" என்பார் மாமியார். தேநீர் என்ன பாவம் செய்தது, அதை எதற்கு ஒழிக்க வேண்டும் என்று விழிப்பேன். ஊற்றிக் கொடுக்கச் சொல்கிறார் என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று. கல்யாணமான நாற்பதாம் நாள் கணவர் குவைத்துக்கு வேலைக்குத் திரும்பினார். அவர் போன மூன்றாம் மாதம் குவைத்துக்குள் இராக்கின் பட்டாளம் புகுந்தது. கடிதம் நின்றது, தொலைபேசி நின்றது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல ஆளில்லை. மாமனார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். மாமியார், நாத்தனார், நான் என்று வீட்டில் மூன்று பெண்கள்.

நாத்தனார் என் கணவரின் தங்கை, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் தன் பெயரை எழுதச் சொன்னால் நடுவில் ஓரெழுத்தைத் தொலைத்துவிடுவாள். மாமியாருக்கு மலையாளம் கேட்டால் புரியும், வாசிக்கத் தெரியாது. ஆகவே காலையில் பத்திரிகை வந்து விழுந்ததும் நாத்தனார் கூடத்தின் நடுவில் நின்று, தொண்டையைச் செருமி, வானொலியில் செய்தி வாசிப்பவளைப் போல வாசிப்பாள். நான் அடுப்படியில் இருந்தபடி காதைத் தீட்டிக்கொள்வேன். "அமேரிக்கயுடெ தாக்கீது" என்று அடிக்கடி வரும். தாக்குதல் என்றே நான் எடுத்துக்கொண்டேன். ஒரே வாரத்தில் ஐந்து தாக்கீது. என் கணக்குப்படி குவைத்தில் அதற்குள் ஒரு சுவர்கூட மிச்சமிருக்க முடியாது. எச்சரிக்கை என்பதைத்தான் மலையாளத்தில் அப்படி எழுதுவார்கள் என்பது பிறகு தெரிந்தது. வாயால் மிரட்டியதற்கெல்லாம் குண்டு விழுந்ததாக நினைத்து அழுது தீர்த்திருக்கிறேன்.

பிறகு அந்தக் காலை. கப்பை என்று இங்கே சொல்லும் மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல், வழக்கத்தைவிட உரக்க வந்தது.

"குவைத்திலெ இந்தியக்காரெ ஒழிப்பிச்சு துடங்கி!"

என் கை நின்றுவிட்டது. தேநீரை ஒழித்தால் ஊற்றுவது, சரி. ஆளை ஒழித்தால்? எனக்குத் தெரிந்து அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மேல் நடந்ததுதான் கொடுமை. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் மாமியார். "நம்ம பிள்ளையயும் வேகம் ஒழிப்பிச்சா மதி, ரப்பே!"

என் பிள்ளையையும் சீக்கிரம் ஒழித்தால் போதும் என்று ஒரு தாய் இறைவனிடம் கையேந்துகிறாள்! சொன்னதோடு நிற்காமல், நெய்ச்சோறு ஆக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்று என்னை வெங்காயம் நறுக்கச் சொன்னார். நறுக்கினேன். அழுவதற்கு வெங்காயம் வசதியாக இருந்தது. நாத்தனார் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அரிசி களைந்தாள். அந்தப் பெண்ணை அப்போது நான் வெறுத்ததைப் போல வேறு யாரையும் வெறுத்ததில்லை. வந்து சில மாதமே ஆன மருமகள். கேள்வி கேட்கும் துணிச்சல் இல்லை. நெய் மணம் வீடெல்லாம் பரவியபோது எனக்குக் குமட்டியது. எழுந்து போய் நான்கு புடவைகளைப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"எவிடெ போறீங்க, மைனி?" என்று நாத்தனார் குறுக்கே வந்தாள்.

"எங்கத்தா வீட்டுக்கு. எம்புருசன அங்க ஒழிச்சுக் கட்டுறானுங்க, நீங்க நெய்ச்சோறு ஆக்கித் திங்கிறீங்க. மனுசங்களாடி நீங்க?"

ஒரு கணம் திருதிருவென்று விழித்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு சட்டென்று நின்றது. பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கொல்றதில்ல மைனி, கொண்டு வர்றது. அவிடெ உள்ள நம்ம ஆள்களையெல்லாம் பிளேன்ல கேற்றி நாட்டுக்குக் கொண்டு வர்றது. அதாணு ஒழிப்பிக்கல். அண்ணன் மேல சத்தியம்."

நான் நம்பவில்லை. பத்திரிகையைக் கொண்டுவந்து, விமானத்தின் படியில் வரிசையாக நின்றவர்களின் படத்தைக் காட்டினாள். அதன் பிறகுதான் அழுதேன். அவளும் என்னோடு உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "மோசமாட்டு வந்த வார்த்தை ஒண்ணும் நான் உங்களுக்கு வாயிச்சதே இல்ல, மைனி. இது நல்ல வார்த்தை. அதான் உரக்க வாயிச்சேன்." செய்தியைத்தான் அவள் வார்த்தை என்பாள். நான் கேட்டு நடுங்கிய தாக்கீதுகளெல்லாம் அவள் பொறுக்கியெடுத்த சாதுவான செய்திகள். மற்றதையெல்லாம் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, மழைச் செய்தி வாசிப்பதைப் போல வாசித்திருக்கிறாள். வெறுத்ததற்காக நான் வெட்கப்பட்டேன். அன்று சாயங்காலம்தான் அந்தத் தலைப்பை வெட்டி எடுத்துவைத்தேன். அந்த வாரமே அவளிடம் மலையாள எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன். முதலில் எழுத்துக் கூட்டியது இந்தத் துண்டைத்தான்.

ஒரு மாதம் கழித்துக் கணவர் வந்து சேர்ந்தார். இளைத்துக் கறுத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வாசலில் நின்றார். "மைனி, அண்ணனை ஒழிப்பிச்சாச்சு!" என்று நாத்தனார் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் எந்த ஊரிலிருந்து திரும்பினாலும் ஒழிப்பித்தல்தான். கணவரும் வருடக்கணக்காக அதைச் சொல்லி என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார். அவர் மறைந்து நான்கு வருடம் ஆகிறது.

இப்போது அந்தப் பக்கம் மறுபடியும் சண்டை. என் மகன் அதே குவைத்தில் இருக்கிறான். விமானங்கள் நின்றுவிட்டன. முதலில் தினமும் பேசினான். மூன்று நாளாகக் கைப்பேசியில் அவன் குரல் இல்லை. களமசேரியில் இருக்கும் நாத்தனார் காலையில் பத்திரிகை வரும் நேரத்துக்குச் சரியாக அழைக்கிறாள். அறுபதை நெருங்கியும் தொண்டையைச் செருமும் பழக்கம் போகவில்லை.

இன்று காலையும் அழைத்தாள். "இன்னிக்கும் தாக்கீது மாத்திரம் தான், மைனி. வேற ஒண்ணும் இல்ல" என்றாள். பத்திரிகை என் மடியில் விரிந்து கிடந்தது. தாக்கீது கீழே ஓரத்தில் சின்னதாக இருந்தது. மேலே பெரிய எழுத்தில் இருந்ததை அவள் வாசிக்கவில்லை. எனக்கு இப்போது வாசிக்கத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்; கற்றுக்கொடுத்தவளே அவள்தான். நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

பீரோவிலிருந்து எடுத்த பழைய துண்டு என் கையில் இருந்தது. ஒரு காலத்தில் எந்த வார்த்தைக்குப் பயந்து பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேனோ, அந்த வார்த்தையைத்தான் தினமும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

"ஒழிப்பிச்சு துடங்கலையாடி?" என்று கேட்டேன்.

நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு வரும், மைனி" என்றாள். "வந்தா நான் உரக்க வாயிப்பேன்."