மஞ்சள் பூசிய கட்டைகள்

ராசிபுரத்துக்குத் தெற்கே எங்கள் மானாவாரிக் காட்டை ஒட்டி ஓர் ஓடை. அதன் கரையில் நின்ற புங்கந்தோப்புதான் நான் அறிந்த வனம். இரண்டாம் உலகச் சண்டைக்குச் சில வருஷம் முந்தைய கதை. பாவாடை நாடாவை ஒழுங்காக முடியத் தெரியாத வயது எனக்கு. தோப்புக்குள் பகலிலும் இருட்டு. முயல் ஓடும், பேர் தெரியாத குருவிகள் திட்டும். உள்ளே யாரோ ராஜா இருக்கிறார் என்று நானாக முடிவுகட்டி, பயபக்தியோடுதான் நுழைவேன்.

மாசி மாதத்தில் அப்பா தோப்பின் ஒரு மூலையை மட்டும் வெட்டுவார். தழை வயலுக்கு, விறகு அடுப்புக்கு. மிச்சத்தை அந்த வருஷம் தொடமாட்டார். வெட்டுவதை நான் அந்த வருஷம்தான் முதலில் பார்த்தேன். ராஜாவின் வாசலே போய்விட்டது. கணுக்கால் உயரத்துக்கு வெறும் கட்டைகள். அழுது தீர்த்தேன்.

மறுநாள் பெரியப்பா வந்தார். சொத்து இன்னும் பாகம் பிரியாத காலம்.

"கட்டையத் தோண்டி எறிஞ்சுபோட்டுக் கடலை போடலாம். இனி அது எங்க துளுத்துத் தழையறது" என்றார்.

அண்ணன் பேச்சை அப்பா மறுத்து நான் கேட்டதில்லை. தலையைச் சொறிந்தபடி, "சித்திரை மழைக்குத் துளுக்கலீன்னா தோண்டிப்போடலாமுங்கண்ணா" என்றார். பெரியப்பாவும் சரியென்றார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. முட்டியில் அடிபட்டால் அம்மா மஞ்சள்தான் அரைத்துப் பூசுவாள். அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சளைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக் குழைத்து, ஒவ்வொரு கட்டைக்கும் பூசினேன். எங்கள் வீட்டுக் குழம்பு நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. அம்மா எலியைத் திட்டினாள்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கட்டையின் தோலைக் கிழித்துக்கொண்டு கொத்துக் கொத்தாகத் துளிர். செம்பு நிறத்தில், ஈரமாக, வெயில் பட்டு மின்னியது. இருட்டு போன இடத்தில் புல்லும் முளைத்திருந்தது. புல்லுக்குள்ளிருந்து ஒரு கவுதாரி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, வெட்டாத புதருக்குள் ஓடி மறைந்தது. என் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

அப்பாவும் பெரியப்பாவும் பின்னால் வந்து நின்றார்கள். பெரியப்பா குனிந்து ஒரு கட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, மழைக்கும் போகாமக் கட்டையெல்லாம் மஞ்சளா இருக்குது?"

"வலிக்குமில்லீங்க பெரியப்பா. நாந்தான் பூசினேன்."

அவர் விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்க்காமலே, "புள்ள வைத்தியம் பண்ணிப் பொழைக்க வெச்சிருக்குது. இனி நாம கை வெக்கறது நாயமில்லப்பா" என்றார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் கைக்கு ராசி உண்டென்று வெகுகாலம் நம்பித் திரிந்தேன். வெட்டிய புங்கன் யார் வைத்தியமும் இல்லாமல் தழைக்கும் என்பது, அந்த மண்ணிலேயே வளர்ந்த இரண்டு பேருக்கும் தெரியாதா? மழை வரட்டும் என்று அப்பா தவணை கேட்டதும் தெரிந்துதான். பெரியப்பா கொடுத்ததும் தெரிந்துதான். தம்பியிடம் விட்டுக்கொடுப்பதைவிட என்னிடம் விட்டுக்கொடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதெல்லாம் அன்று எனக்கு எங்கே தெரிந்தது? அவர் தோளில் ஏறி உட்கார்ந்து, ஒரு வனத்தையே பிழைக்க வைத்த பெருமையோடு வீடு வந்து சேர்ந்தேன்.